ஒழுகும் எரிபொருள் குழாயும் ஒரு துண்டுச் சோப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

'ஆபத்துக்குப் பாவமில்லை' என்பது பழமொழி. நடுவழியில் டீசல் ஒழுகி நின்றுவிட்ட லாரிக்கு ஓட்டுநரும் கிளீனரும் செய்யும் கைவைத்தியங்களுக்கெல்லாம் இந்தப் பழமொழிதான் அனுமதிச் சீட்டு. சலவைச் சோப்பு, சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, எம்-சீல் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒழுகலை அடைத்து, வண்டியை மறுபடியும் ஓட வைத்துவிடுகிறார்கள். பாவமில்லை என்பது சரி. ஆனால் பாவமில்லை என்பதாலேயே ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடுமா? எந்த ஒழுகலைக் கையால் அடைக்கலாம், எதைத் தொடவே கூடாது, ஏன் என்பதை நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல், வேதியியல் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலம், நாமக்கல் பகுதி மாணவர்களுக்கு லாரியைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலால் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளுக்கும் அதுவே தாயகம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வட மாநிலங்கள் வரை செல்கின்றன. சங்ககிரியில் லாரி இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே நம்மில் பலருடைய வீட்டு அடுப்பு எரிவது, எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டீசல் எஞ்சினால்தான்.

என் வீடும் அத்தகைய வீடே. என் தந்தை லாரி ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இக்கட்டுரையில் உள்ள செய்முறைகளில் பாதி அவரிடமும் அவருடைய நண்பர்களிடமும் கேட்டறிந்தவை. அவற்றிற்குரிய காரணங்களே நான் கல்லூரியில் கற்றவை.

மூன்று பகுதிகள், மூன்று அழுத்தங்கள்

எரிபொருள் குழாய் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், டீசல் வண்டியில் அது மூன்று வெவ்வேறு பகுதிகளைக் கொண்டது. இந்த வேறுபாட்டை அறிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதலாவது, டேங்கும் அதிலிருந்து ஃபீட் பம்ப் வரை வரும் குழாயும். டேங்கில் உள்ள டீசலின் எடையைத் தவிர இங்கே வேறு அழுத்தம் இல்லை. வண்டி ஓடும்போது பம்ப் டீசலை உறிஞ்சுவதால், குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தும் போகும்.

இரண்டாவது, ஃபீட் பம்பிலிருந்து ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்குச் செல்லும் குழாய். பழைய வண்டிகளில் இங்கே ஒன்று முதல் மூன்று வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயிலும் அழுத்தம் குறைவே.

மூன்றாவது, பெரிய பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் எஃகுக் குழாய். ஓட்டுநர்கள் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்று அழைக்கும் பழைய வகைப் பம்புகளிலேயே இங்கே நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தம் உண்டு. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் இது 1,600 முதல் 2,000 வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் செல்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பின் வந்த டீசல் லாரிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்த எண்களை ஒரு சிறு கணக்கின் மூலம் உணர்ந்து பார்ப்போம். குழாயில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை விழுந்துள்ளது எனக் கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மில்லிமீட்டர். டேங்கில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு டீசல் இருந்தால், அடியில் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். அந்தத் துளையை அடைத்திருக்கும் பொருளை டீசல் தள்ளும் விசை, மூன்றரை கிராம் எடைக்குச் சமம். அதே துளை ஃபீட் பம்புக்கு அப்பால், இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால், தள்ளும் விசை சுமார் 146 கிராம். காமன் ரெயிலில் 2,000 வளிமண்டல அழுத்தத்தில் இருந்தாலோ, ஏறக்குறைய 146 கிலோ!

மூன்றரை கிராமைச் சோப்பு தாங்கும். 146 கிராமை இறுக்கிய கிளிப் தாங்கும். 146 கிலோவை மனிதன் கையால் சுற்றும் எந்தக் கட்டும் தாங்காது. கைவைத்தியத்தின் இலக்கணம் முழுவதும் இந்த மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது.

டீசல் தீப்பிடிக்காதா?

'பெட்ரோல்தான் பற்றும், டீசலில் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும்' என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக உண்டு. இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கேடு விளைவிக்கும்.

ஒரு திரவம் தன் மேற்பரப்பில் தீப்பற்றும் அளவுக்கு ஆவியைத் தருகின்ற மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பர். பெட்ரோலுக்கு இது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி. ஆகவே அது எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது. இந்தியத் தர விதிப்படி வாகன டீசலின் தீப்பற்றுநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிர் நாட்டில் இந்த எண் நிம்மதி தரும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் சேலத்துச் சாலையில், வெயிலில் காயும் தகர டேங்கின் அருகில், அந்த நிம்மதிக்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. டீசலைப் பற்றவைக்கத் தீப்பொறியே தேவையில்லை; சூடான இரும்பு போதும். ஏறத்தாழ 210 முதல் 250 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது தானாகவே எரியத் தொடங்கும். அதைத் தானே பற்றும் வெப்பநிலை என்கிறோம். டீசல் எஞ்சின் வேலை செய்வதே இந்தப் பண்பினால்தான். தொப்பூர்க் கணவாய் போன்ற ஏற்றத்தில் லோடுடன் ஏறிய வண்டியின் புகைபோக்கி மூலமும் டர்போவும் இதைவிட எவ்வளவோ கூடுதலான சூட்டில் இருக்கும். குழாயிலிருந்து மெல்லிய தூவலாக டீசல் அதன்மேல் படுமானால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

2013 அக்டோபர் 30ஆம் நாள் விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற ஒரு சொகுசுப் பேருந்து, அன்றைய ஆந்திர மாநிலத்தின் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் என்னுமிடத்தில் சிறுபாலத்தின் சுவரில் உரசியது. டீசல் டேங்க் உடைந்து தீப்பற்றி 45 பேர் உயிரிழந்தனர். அது கசிவு அல்ல, உடைப்பு. கைவைத்தியத்தால் தடுத்திருக்கக் கூடியதும் அல்ல. ஆயினும் டீசல் பற்றாது என்பவர்களுக்கு அந்த நிகழ்ச்சியே மறுமொழி. அது நடந்தது, நம் சேலம், நாமக்கல் வழியாகச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒழுகல் கண்டதும்

முதலில் வண்டியைச் சாலையை விட்டு ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பீடியும் அடுப்பும் அண்டக் கூடாது. வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைக்கும் வழக்கம் நெடுந்தூர ஓட்டுநர்களிடம் உண்டு. ஒழுகும் வண்டியின் அருகில் அது கூடவே கூடாது. பேட்டரி இணைப்பைத் துண்டிப்பது நன்று. சூடான எஞ்சின் ஆறும் வரை கைவைக்காமல் காத்திருப்பது அதைவிட நன்று.

தீ தோன்றினால் நீரை ஊற்றக் கூடாது. டீசலும் பெட்ரோலும் நீரைவிட எடை குறைந்தவை. நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். உலர் பொடி தீயணைப்பானும் மணலுமே ஏற்றவை. சாலையில் சிந்திய டீசலின்மேல் மண்ணை அள்ளிப் போடுவதும் ஓட்டுநரின் கடமை. வளைவில் சிந்திய டீசல், பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரரை வழுக்கி வீழ்த்திவிடும்.

ஒழுகல் சிறிதாக இருந்தால் அலட்சியம் தோன்றுவது இயல்பு. நொடிக்கு ஒரு சொட்டு என்றும், 30 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றும் கொண்டால், மணிக்கு 120 மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லிட்டர். பணமாகப் பார்த்தாலும் அது சிறிதன்று.

சோப்பின் வேதியியல்

டேங்கில் ஊசித் துளையோ, மயிரிழை விரிசலோ விழுந்தால் ஓட்டுநர் முதலில் தேடுவது சலவைச் சோப்பை. சுற்றுப்புறத்தைப் பனியன் வேஸ்ட் கொண்டு நன்றாகத் துடைத்து, உலர்ந்த சோப்புக் கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேய்ப்பார். துளை சற்றுப் பெரிதானால் சோப்பைப் பஞ்சு நூலோடு பிசைந்து திணிப்பார். ஒழுகல் நின்றுவிடும்.

இது ஏன் என்று என் தந்தையிடம் கேட்டேன். "சோப்பு தண்ணியிலதான் கண்ணு கரையும், டீசல்ல கரையாது. மழை வந்தா அது கதை முடிஞ்சுது" என்றார். வேதியியல் நூலில் நான்கு பக்கத்தில் உள்ள செய்தியை அவர் இரண்டு வரியில் கூறிவிட்டார்.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. அதன் ஒரு முனை மின்னூட்டம் கொண்டது, நீரை விரும்புவது. மற்றொரு முனை நீண்ட ஹைட்ரோகார்பன் வால், எண்ணெயை விரும்புவது. வால் எண்ணெயை விரும்பினாலும், திண்மச் சோப்பில் மின்னூட்டம் கொண்ட முனைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. டீசலில் உள்ள மூலக்கூறுகளோ மின்முனைவு அற்றவை. அவற்றால் அந்தப் பிடியைத் தளர்த்த இயலாது. நீரால் இயலும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று முதலாண்டில் படித்த விதி இதுவே. ஆகவே உலர்ந்த நாளில் சோப்பு அடைப்பு நிற்கும். மழையிலும் வண்டி கழுவும்போதும் போய்விடும்.

பெட்ரோல் வண்டிகளைப் பொறுத்தவரை இங்கே ஒரு புதிய செய்தி உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் அறிமுகமாகி, பின்னர் எங்கும் பரவிவிட்டது. சோப்பு எத்தனாலில் ஓரளவு கரையக் கூடியது. எனவே பெட்ரோல் டேங்குக்குச் சோப்பு வைப்பது முன்பு பெரியவர்கள் கண்ட அளவுக்கு இன்று நம்பத் தகுந்ததன்று. பெட்ரோல் ஒழுகினால் வண்டியை ஓட்டாமல், தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ பட்டறைக்குச் செல்வதே முறை.

எம்-சீல் எப்போது பிடிக்கும்?

எம்-சீல் என்பது எபாக்சி வகைப் பசை. இரண்டு களிம்புகளைச் சம அளவில் ஒரே நிறம் வரும் வரை பிசைய வேண்டும். ஒன்று பிசின், மற்றொன்று அதை இறுக்கும் பொருள். இரண்டும் வினைபுரிந்து குறுக்குப் பிணைப்புகள் உண்டாகிக் கல்போல் ஆகின்றன. இப்படி இறுகியதை டீசல் கரைக்காது.

ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள பரப்பில் எம்-சீல் ஒட்டாது. ஒழுகிக்கொண்டிருக்கும் துளையின்மேல் நேராக அப்பினால், இறுகுவதற்கு முன்பே டீசல் அதைத் தூக்கிவிடும். ஆகவே அனுபவசாலிகள் முதலில் சோப்பால் ஒழுகலை நிறுத்துவர். பிறகு சுற்றிலும் உப்புத்தாள் கொண்டு பெயிண்டையும் துருவையும் தேய்த்தெடுத்து, எண்ணெயைத் துடைத்து, சோப்பையும் சேர்த்து மூடும்படி எம்-சீலை அகலமாக அப்புவர். சோப்பு உள்காவல், எம்-சீல் வெளிக்காவல். இறுகும் வரை வண்டியை அசைக்கக் கூடாது. அவசரத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

ரப்பர் எல்லாம் ஒன்றல்ல

குழாய் சேஸிசில் உரசி உரசித் தேய்ந்தோ, பிடிப்பு கிளிப் கழன்று அதிர்ந்து அதிர்ந்து களைத்தோ விரிசல் விடுவது வழக்கம். அதன்மேல் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்குவது பழைய முறை.

சில மணி நேரம் இது பலன் தரும். பிறகு மெல்லத் தளரும். சைக்கிள் டியூபில் உள்ள ரப்பர், ரப்பர் மரத்துப் பாலைப் போன்றே ஹைட்ரோகார்பன் வகையைச் சேர்ந்தது. டீசலும் ஹைட்ரோகார்பன். மறுபடியும் ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் விதிதான். டீசல் ரப்பருக்குள் புகுந்து அதை ஊதச் செய்கிறது; ஊதிய ரப்பர் கொழகொழத்து வலிமை இழக்கிறது. எரிபொருளுக்கென்று விற்கும் ஓஸ், நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் ஆனது. அதில் மின்முனைவு கொண்ட தொகுதிகள் இருப்பதால் டீசல் எளிதில் புக இயலாது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் கறுப்புத்தான், குணம் வேறு.

அக்வேரியத்துக்கும் செடிக்கும் பயன்படுத்தும் தெளிந்த பிளாஸ்டிக் டியூபும் இவ்வாறே ஏமாற்றும். அதை வளையச் செய்வதற்காகச் சேர்த்திருக்கும் மென்மையாக்கியை டீசல் கரைத்து எடுத்துவிடும். சில நாட்களில் டியூப் விறைத்துச் சுருங்கி, கிளிப்பிலிருந்து கழன்றுவிடும்.

குறைந்த அழுத்தக் குழாய்க்குச் சாலையோரத்தில் செய்யக் கூடிய சிறந்த வைத்தியம் ஒன்றே. விரிசல் விட்ட பகுதியைச் சுத்தமாக வெட்டி நீக்கி, பிசிரை அகற்றி, குழாயின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் எரிபொருள் ஓசை இரு முனைகளிலும் மூன்று சென்டிமீட்டராவது ஏறும்படி செருகி, இரு புறமும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். கட்டுக்கம்பி ஓசை அறுக்கும்; கிளிப் அறுக்காது. ஒரு முழம் ஓசும் நான்கு கிளிப்பும் டூல்ஸ் பெட்டியில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

செப்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சுவது ஏன்?

ஃபில்டர், பம்ப் ஆகியவற்றின் இணைப்புகளில் செப்பு வாஷர் இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது செம்பு நசுங்கி இடைவெளியை நிரப்புகிறது. ஒரு முறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். கழற்றி மறுபடியும் போட்டால் நசுங்காமல் ஒழுகும். புது வாஷர் கிடைக்காத இடத்தில், பழையதைக் கம்பியில் கோத்து நெருப்பில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டுப் போடுகிறார்கள். ஒழுகல் நிற்கிறது.

உலோகத்தில் அணுக்கள் படிக ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. நசுக்கும்போது அந்த அடுக்கில் குறைகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, உலோகம் விறைக்கிறது. சூடாக்கினால் அணுக்கள் நகர்ந்து புதிய படிகங்கள் தோன்றுகின்றன, மென்மை திரும்புகிறது. எஃகைப் போலன்றி, செம்பை நீரில் நனைத்துக் குளிரவைத்தாலும் மென்மை கெடாது. பட்டறையில் எழுத்தறியாத மேஸ்திரி செய்யும் இவ்வேலைக்கு உலோகவியல் நூலில் பதப்படுத்தல் என்று பெயர். நெருப்பை ஒழுகும் வண்டியிலிருந்து வெகுதூரம் தள்ளி மூட்ட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இணைப்புகளில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றுவது தவறான வழக்கம். இவ்விணைப்புகளில் அடைப்பது மரையன்று. வாஷரும் கூம்பு முனையும்தான். டேப்பின் இழைகள் பிய்ந்து உள்ளே சென்றால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கேடு.

வெளியே ஒழுகாத ஒழுகல்

சில வேளைகளில் கீழே ஒரு சொட்டும் இராது. ஆனால் எஞ்சின் இழுக்காது, திக்கித் திக்கி நின்றுவிடும். இது முதல் பகுதிக் குழாயில் உள்ள விரிசலின் அடையாளம். ஃபீட் பம்ப் உறிஞ்சும்போது குழாயின் உள்ளே அழுத்தம் குறைவு என்று கண்டோம். எனவே டீசல் வெளியே வருவதற்கு மாறாகக் காற்று உள்ளே நுழைகிறது. டீசலைப் போலன்றிக் காற்று அமுங்கக் கூடியது. பம்ப் அதை எவ்வளவு அமுக்கினாலும் இன்ஜெக்டர் திறக்கத் தேவையான அழுத்தம் ஏறாது. ஓட்டுநர்கள் 'ஏர் பிடித்துவிட்டது' என்பது இதையே.

பழைய வகை எஞ்சினில் ஃபில்டரின் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை காற்றை எடுப்பர். ஆனால் விரிசலை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால், பத்து மைலில் மறுபடியும் நிற்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது விரிசலில் டீசல் கசிந்து ஈரம் காட்டுவதுண்டு. அதைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தொடவே கூடாதவை

முதலாவது, உயர் அழுத்தக் குழாய். எஞ்சின் ஓடும்போது அதில் ஒழுகும் இடத்தை விரலால் தடவித் தேடுவது பேராபத்து. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். காயம் ஊசி குத்தியது போல்தான் தோன்றும். வலியும் முதலில் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கி, கையையே இழக்க நேரிடலாம். அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். சுண்ணாம்பு தடவிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற காயமன்று. தேட வேண்டுமென்றால் அட்டைத் துண்டை நீட்டித் தேட வேண்டும். காமன் ரெயில் வண்டியில் எஞ்சினை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அழுத்தம் தங்கும். அக்குழாய்க்குச் சாலையோர வைத்தியம் எதுவும் இல்லை. குழாயை மாற்றுவது ஒன்றே வழி.

இரண்டாவது, வாயால் உறிஞ்சுவது. டேங்கைக் காலி செய்ய டியூபை வாயில் வைத்து இழுக்கும் வேலை, பெரும்பாலும் கிளீனர் பையன் தலையில் விழுகிறது. டீசலும் பெட்ரோலும் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதே கொடியது. சில துளிகள் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் வெந்துபோகும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. வாந்தியின்போது மறுபடியும் நுரையீரலுக்குள் புகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கையால் அமுக்கும் பம்ப் கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, காலி டேங்குக்கு வெல்டிங் வைப்பது. எரிவது திரவமன்று, ஆவியும் காற்றும் கலந்த கலவை. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலியான டேங்கிலோ அக்கலவைக்குத் தாராளமாக இடமுண்டு. 'டீசல் இல்லையே' என்று நம்பிப் பொறி வைத்தவர்கள் உயிரிழந்ததுண்டு. டேங்கைக் கழற்றி, நன்றாகக் கழுவி, ஆவியை வெளியேற்றி, நீர் நிரப்பிய பின்னரே அறிந்தவர்கள் வெல்டிங் செய்வர்.

நான்காவது, எரிவாயு. சி.என்.ஜி. வண்டியோ, எல்.பி.ஜி. டேங்கரோ கசிந்தால் சோப்பும் எம்-சீலும் நினைவுக்கே வரக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிட எடை கூடியது. தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கித் தொலைவிலுள்ள நெருப்பைத் தேடிச் செல்லும். 2012 ஆகஸ்டு 27 இரவு கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்னுமிடத்தில் எரிவாயு டேங்கர் விபத்துக்குள்ளாகி வெடித்ததில் 20 பேர் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 3 அதிகாலை கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஒரு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூடி, ஆட்களை அண்டவிடாமல், தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து நீரைப் பீய்ச்சியடித்து, வல்லுநர்கள் வந்து அடைத்தனர். உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விலகி நிற்பதன் மதிப்பு விளங்கும். எரிவாயுக் கசிவுக்கு 1906, எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்கள் உள்ளன.

தற்காலிகம் எப்போது முடிகிறது?

இதுவரை கூறியவற்றில் புதிதாக எதையும் நம் ஓட்டுநர்களுக்குச் சொல்லிவிட்டதாக நான் எண்ணவில்லை. சோப்பு மழையில் கரையும், டியூப் டீசலில் ஊதும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஒரு நடைக்காகப் போட்ட கட்டு ஆறு மாதம் ஓடுவது ஏன்?

காரணம் அறியாமை அன்று, கணக்கு. லோடு குறித்த நேரத்தில் இறங்காவிட்டால் வாடகையில் பிடித்தம். பட்டறையில் நின்ற நாளுக்கு ஓட்டுநருக்குப் படி இல்லை. வண்டி உரிமையாளருக்கோ மாதத் தவணை காத்திருக்கிறது. ஒழுகல் நின்றுவிட்டது, வண்டி ஓடுகிறது, அடுத்த நடை முடியட்டும் பார்க்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவரும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் சோப்புக்கும் ரப்பருக்கும் தவணை தெரியாது. அவை தம் வேதியியலின்படி நடந்துகொள்ளும். அன்றைக்கு அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் உரிமையாளர் அல்லர். அவருக்காக வீட்டில் காத்திருப்போர் எங்களைப் போன்றோர்.

இதற்கு ஒரு சிறு யோசனை உண்டு. செலவில்லாதது. எங்கே கைவைத்தியம் செய்தாலும், அந்த இடத்திலேயே ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மற்றொரு துண்டைச் சாவியில் கட்ட வேண்டும். செய்த நாளையும் இடத்தையும் ஒரு சீட்டில் எழுதி கேபினில் ஒட்ட வேண்டும். பட்டறையில் புதுக் குழாய் போட்ட பிறகுதான் துணியை அவிழ்ப்பது. ஓட்டுநர் மாறினாலும் புதியவருக்கு வண்டியின் நோய் தெரியும். உரிமையாளருக்கும் சாவியைத் தொடும்போதெல்லாம் கண்ணில் படும். மறந்துபோவதுதான் தற்காலிகத்தை நிரந்தரமாக்குகிறது. மறக்கவிடாமல் செய்வதற்குச் சிவப்புத் துணி போதும்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி வாகன நிறுத்தத்தில் நிற்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் இவையெல்லாம் பொருந்தும். பழைய வண்டியில் பெட்ரோல் டேங்கிலிருந்து தானாக இறங்குகிறது. 2020க்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் பம்ப் மூலம் ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தத்தில் வருகிறது. பெட்ரோல் மணம் வந்தால் டேங்கின் அடியில் குனிந்து பாருங்கள். டியூப் விறைத்தோ வெடித்தோ இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் லாரி ஓட்டுபவர் இருந்தால், அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது, வண்டியில் எங்கே கட்டுப் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓரிடத்தைக் காட்டுவார். எத்தனை நாளாயிற்று என்பது அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.